இருபத்துநாலாம் இலக்கம்

கணக்கும் இங்கிலீசும் தெரிந்தவர் என்பதால்தான் அந்த வேலை குணசேகரம் மாஸ்ரரின் தலையில் விழுந்தது. கொக்குவிலில் கணிதம் படிப்பித்தவர், 1988இல் டென்மார்க்கில், ஹேர்னிங் என்ற ஊரில் ஒரு பின்னல் ஆலையில் துணிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த பீர்தே என்ற டெனிஷ் பெண் ஊரில் ஸ்கொட்லாந்து நடனச் சங்கமொன்றை நடத்தினாள். யூன் மாதப் போட்டிக்குப் புள்ளி கூட்ட நம்பிக்கையான ஒருவர் வேண்டும், வருவீர்களா என்று கேட்டாள். சனிக்கிழமைகளில் அறையில் கிடந்து யோசிப்பதைவிட அது நல்லதென்று அவருக்குப் பட்டது.

யோசிப்பதற்குக் காரணம் இருந்தது. மனைவி யோகமலரையும் மகள் கஜந்தியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்பது மாதமாகியும் நீதி அமைச்சிலிருந்து ஒரு வரி வரவில்லை. அறையில் கூட இருந்த குருசுமுத்துவுக்கும் அதே கதைதான். பேசாலைக்காரன். மனைவி மேரிகிறேசும் பிள்ளைகள் மரினாவும் ஸ்ரிபனும் மன்னாரில் இருந்தார்கள். தமிழரின் கோப்புகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அப்போது இருவருக்கும் தெரிந்ததெல்லாம் வெறுமையான தபால்பெட்டி மட்டும்தான்.

போட்டிக்கு முதல் கிழமை பீர்தே விதிகளைச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஸ்கொட்லாந்தில் ஒரு சபை இருந்தது. எந்த அடிக்கு எந்தக் கை உயர வேண்டும், கட்டம்போட்ட பாவாடை முழங்காலில் எங்கே நிற்க வேண்டும், யார் நடுவராகலாம் என்பதெல்லாம் சபை வைத்த சட்டம். சபையின் பதிவு அட்டை இல்லாத பிள்ளை ஆட முடியாது. நடுவர் மூவரும் தள்ளித்தள்ளி இருப்பார்கள். தங்களுக்குள் கதைக்கக் கூடாது, போட்டி முடியும்வரை மற்றவர்களும் அவர்களோடு கதைக்கக் கூடாது. அவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, இடுப்பில் குத்திய இலக்கம்தான் தெரியும். எழுதிய புள்ளியை வேறு யாரும் மாற்றக் கூடாது. மாஸ்ரருக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. உலகத்தில் எங்கேயாவது ஒழுங்கு இருக்கிறதே என்று அன்றிரவு குருசுமுத்துவிடம் சொன்னார்.

போட்டி யூன் மாதத்து இரண்டாவது சனி, அன்று நல்ல வெயில். விளையாட்டு மண்டபத்தின் உயர்ந்த கண்ணாடிகளால் வெளிச்சம் மரத்தரையில் கொட்டியது. இருபத்துமூன்று பிள்ளைகள் மும்மூன்று பேராக ஆடினார்கள். கடைசி முறைக்கு மட்டும் இரண்டு பேர். முதலாவது ஆட்டம் முடிந்ததும் தாள்கள் பக்கத்து அறையிலிருந்த அவரிடம் வந்தன. கூட்டத் தொடங்கியவர் கடைசி வரியில் நின்றார். இருபத்துநாலாம் இலக்கத்துக்கு எழுபத்தெட்டு என்றிருந்தது. மற்றத் தாளை எடுத்தார், எழுபத்தொன்பது. மூன்றாவதில் எழுபத்தேழு. மூவரும் ஒருவரையொருவர் பாராமல் எழுதியவை.

பீர்தேயைக் கூப்பிட்டுக் காட்டினார். பதிவில் இருபத்துமூன்று பேர்தான் என்றாள் அவள். நடுவரிடம் கேட்கவோ விதி விடவில்லை. ஏதோ பிழை, அடுத்த ஆட்டத்தில் சரிவரும் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அடுத்தது வாள் நடனம். நிலத்தில் குறுக்கும் மறுக்குமாக வைத்த இரண்டு வாள்களின் நடுவே கால் படாமல் ஆட வேண்டும். பட்டால் ஐந்து புள்ளி போகும். வாள் இடம்பெயர்ந்தால் புள்ளியே இல்லை. போருக்கு முன் வீரர் ஆடிய ஆட்டமாம். கால் பட்டால் காயம், வாள் நகர்ந்தால் சாவு என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். பீர்தே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

கடைசி முறைக்கு மாஸ்ரர் அறையை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றார். மூன்று சோடி வாள்கள் கிடந்தன. இரண்டு பிள்ளைகள் தங்கள் வாள்களின் முன் வந்து வணங்கினார்கள். மூன்றாவது சோடியின் முன் யாருமில்லை. பைக்குழல் ஊதுபவர் தொடங்கினார்.

மாஸ்ரர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, நடுவர்களைப் பார்த்தார். மூன்று தலைகளும் முதல் பிள்ளையைப் பார்த்தன, இரண்டாவதைப் பார்த்தன, பிறகு வெறும் இடத்தைப் பார்த்தன. அங்கே நின்று, துள்ளும் ஒன்றைத் தொடர்வதுபோல மெல்ல ஏறி இறங்கின. நடுவிலிருந்த கிழவி தலையாட்டி எதையோ எழுதினாள். அதன்பிறகு அவருக்குச் சத்தமும் கேட்டது. மெல்லிய தோல் சப்பாத்துகள் இரண்டு சோடி தரையைத் தட்டின. அவற்றுக்கிடையில் வெறுங்கால் பலகையில் பதியும் சத்தம். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை.

குழல் வேகமெடுத்தது. மூன்றாவது சோடியின் மேல்வாள் சட்டென்று ஒரு சாண் விலகித் தரையில் உரசிக்கொண்டு நின்றது. மூன்று நடுவர்களும் ஒரே நேரத்தில் குனிந்து எழுதினார்கள். பெற்றோர் வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

தாள்கள் வந்தபோது இருபத்துநாலுக்கு மூன்றிலும் பூச்சியம்.

எல்லாம் முடிந்து பேச அனுமதி வந்ததும் மாஸ்ரர் அந்தக் கிழவியிடம் போனார். திருமதி மக்கேய் என்று பெயர். அவர் கேட்கும் முன்பே, கடைசியாக ஆடிய கறுத்த மெலிந்த பிள்ளை எந்தச் சங்கம் என்று அவளே கேட்டாள். சப்பாத்து இல்லை, பாவாடையும் விதிப்படி இல்லை, அதற்காகக் குறைத்தேன், ஆனாலும் நிலத்தில் பாரமே வைக்காத ஆட்டம் என்றாள். அப்படி ஒரு பிள்ளை பதிவில் இல்லை என்று அவர் சொன்னபோது அவள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வரியை விட்டுவிட்டுப் புதிதாக எழுதித் தரும்படி பீர்தே கேட்டாள். மாஸ்ரர் மாட்டேன் என்றார். இந்த நாட்டுக்கு வந்து அவர் ஒருவருக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. எழுதியதை எழுதியபடி சபைக்கு அனுப்பினார். ஆடியவரின் பெயர், பிறந்த திகதி, முகவரியை நிரப்பி அனுப்பவும் என்று சபையிலிருந்து ஒரு படிவம் வந்தது. மாஸ்ரர் அதை நிரப்பாமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். கஜந்தியின் பெயர் மனதில் வந்து நின்றதுதான் காரணம். போட்டி முடிந்த அன்றே கொக்குவிலுக்குத் தந்தி அடித்திருந்தார். பதில் வரும்வரை பத்தொன்பது நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சுகம் என்று யோகமலர் எழுதியபோது கட்டிலில் இருந்து அழுதார். நடந்ததையெல்லாம் குருசுமுத்துவுக்குச் சொன்னார். அவனும் சந்தோசப்பட்டான். வேறொரு பிள்ளையைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை.

ஆவணியில் மன்னாரிலிருந்து கடிதம் வந்தது. மரினாவுக்கு மூளைக்காய்ச்சல். ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வாகனம் கிடைக்கவில்லை. யூன் மாதம், இரண்டாவது சனி, அந்திச் செபத்துக்கு மணி அடிக்க முன்னம்.

குருசுமுத்து மூன்றாம் நாள் பின்னேரம் வந்து மாஸ்ரருக்கு முன்னால் இருந்தான்.

"மாஸ்ரர், அண்டைக்கு அந்த வாள் எத்தினை மணிக்கு விலகினது?"

"ரண்டு மணி இருக்கும்."

"அங்கை அஞ்சரை," என்றான். "முதல் ஆட்டத்துக்கு எத்தினை குடுத்தவை?"

"எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எழுபத்தேழு."

"நல்ல மாக்ஸ்தானே?"

"நல்ல மாக்ஸ், குருசு."

"சப்பாத்து இல்லாததுக்குக் குறைச்சுப்போட்டோ?"

"ஓம். குறைச்சுப்போட்டுத்தான்."

படிவத்தை எடுக்கச் சொன்னவன் குருசுமுத்துதான். மரினா குருசுமுத்து என்று மாஸ்ரர் எழுதினார், பிறந்த திகதியை எழுதினார். முகவரியில் பேனா நின்றது. "இந்த அட்றஸையே போடுங்கோ," என்றான் அவன்.

ஆறு கிழமையில் சபையின் பதிவு அட்டை வந்தது. பெயர், திகதி, ஹேர்னிங் முகவரி எல்லாம் சரியாகத் தட்டச்சில் இருந்தது. அமைச்சிலிருந்து அப்போதும் ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம்தான் கோப்புகள் நகரத் தொடங்கின. யோகமலரும் கஜந்தியும் வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து மேரிகிறேஸ் ஸ்ரிபனோடு வந்திறங்கினாள். அவர்களின் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாஸ்ரர் எழும்பும்போது, குருசுமுத்து அட்டையை எடுத்து அவளின் கையில் வைத்தான். அவளுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. இது என்னவென்று கேட்டாள்.

பிள்ளை இங்கே ஒருக்கால் வந்து ஆடினவள் என்று மட்டும் குருசுமுத்து சொன்னான்.

மேரிகிறேஸ் அட்டையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் அழவுமில்லை, நம்பாமல் பார்க்கவுமில்லை.

"தனியவோ வந்தவள்?" என்று கேட்டாள்.

மாஸ்ரர்தான் சொன்னார். இல்லை, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் நின்று கூட ஆடினவை என்றார்.