இரண்டாவது பிரேக்

அப்பாவின் வலது கால் மறுபடியும் கட்டிலின் இரும்புச் சட்டத்தை மிதித்தது. அவள் நடுவில் ஒரு தலையணையைச் செருகினாள். கால் தலையணையையும் மிதித்தது.

"எதுக்குப்பா இப்படி அழுத்துறீங்க?"

"முன்னாடி லாரி நிக்குது," என்றார் கண்ணைத் திறக்காமலே. உதட்டோரத்தில் சிரிப்பு.

முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பழகுகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். ஊரில் அவருக்குப் பெயரே 'பிரேக் சார்'. பேருந்தில் போனாலும் அந்தக் கால் சும்மா இருக்காது.

மருத்துவமனை கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி மூன்று நாள் ஆகிறது. அவர் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு எண்பத்திரண்டு என்று காட்டியது. அவள் ஆக்சிஜன் மெஷினின் திருகை ஒரு கோடு ஏற்றினாள். எண்பத்தொன்று. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் எண்களோடு இருப்பவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மறுபடி திருகினாள்.

"அக்கா, ஃபுல்லாதான் இருக்கு. இனிமே திருகினா கையோட வந்துரும்," என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. வேற ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டியா?"

"மூணு எடத்துக்குப் போட்டேன். ஒரே பதில்தான்."

"விடும்மா," என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு ஜெபம் பண்ணு."

அந்த வீட்டில் ஜெபம் பண்ணுகிறவர் எப்போதும் அவர்தான். பரீட்சைக்கு முன், வரன் பார்க்கப் போகுமுன், அம்மாவின் ஆபரேஷனுக்கு முன். இன்ன தேதிக்குள், இன்ன மாதிரி என்று ஆண்டவருக்கு விவரமாகச் சொல்லிவிடுவார். "கர்த்தருக்கே கிளாஸ் எடுக்கிறீங்க சார்," என்று போதகர் ஒருமுறை சிரித்திருக்கிறார்.

"சுகமாக்கும்னு கேக்காத."

"பின்ன என்னப்பா கேக்கறது?"

"ஆண்டவர் பக்கத்துலயும் நான் பிரேக்ல கால் வச்சுத்தான்மா உக்காந்திருந்தேன். எடுக்கத் தெரியல. இப்பவும் பாரு." கால் தலையணைக்குள் புதைந்திருந்தது. "எனக்காக நீ சொல்லு. உம்ம சித்தம்னு. ரெண்டே வார்த்தை."

காத்திருந்தார்.

"ஆண்டவரே," என்றாள். "எங்கப்பாவ..."

அதற்கு மேல் போகாமல் நிறுத்தினாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் அவளே அவரைத் தூக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும் போலிருந்தது.

"சொல்லுக்கா."

"நீ சொல்லேன்."

அவன் போர்வையை இழுத்து அப்பாவின் மார்பு வரை மூடினான்.

தலையணையை உருவிவிட்டு அப்பாவின் உள்ளங்காலைக் கையில் ஏந்தினாள். அது அவள் கையை அழுத்தியது. ஆண்டவரே, எங்கப்பாவ. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும். எத்தனை முறை என்று தெரியாது. கையில் அழுத்தம் நின்றுபோனபோது அவள் அந்த வாக்கியத்தின் பாதியில்தான் இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பிதான் எழுந்துபோய் அணைத்தான்.

மறுநாள் பிற்பகல் கல்லறைக்குப் போகும் வண்டியில் அவளுக்கு முன்னிருக்கை. தம்பி பின்னால் பெட்டியோடு இருந்தான்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் ஓட்டுநர். "சார்கிட்ட பழகின கைதான் இது."

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான்.

காலை எடுத்தாள். அடுத்த வளைவில் அது தானாகவே போய் மிதித்தது.

செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். வண்டி இறக்கத்தில் வேகம் பிடித்தது.