பெயர் தெரியாத அரசி

பழைய வீடியோக் கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அரசியைக் கண்டேன். ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் அரங்கக் கலைக் காப்பகம் ஒன்றில் எனக்கு வேலை. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், இதே ஊரின் தேவாலய மண்டபத்தில் எங்கள் சனம் ஆடிய நாட்டுக்கூத்து அது. மகனைப் பறிகொடுத்த அரசி அழவில்லை. பாட்டின் நடுவே மூச்சை நிறுத்திச் சபையைப் பார்த்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

யார் இவள்? பஸ்ஸிலும் சமையலறையிலும் அந்தப் பார்வை என்னோடே வந்தது. வரப்போகும் கண்காட்சியில் அவளை எல்லோருக்கும் காட்ட விரும்பினேன். ஆனால் நடித்தவரின் சம்மதம் வேண்டும்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன்.

"இந்த அக்கா ஆர் அம்மா?"

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"அக்காவோ! எடி விசரி, உது உன்ரை கொப்பரெல்லோ!"

"அப்பாவோ?"

"கூத்திலை பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தானே கட்டுறது. அரசி எண்டா உன்ரை அப்பா சில்வெஸ்டர்தான். இந்தக் கூத்துக்குப் பிறகு வேலையிடத்துப் பொடியள் 'ராணியம்மா, தேத்தண்ணி கொண்டாங்கோ' எண்டு ஒரே பகிடி. மனுசன் அதோடை கூத்தை விட்டிட்டார்."

வீட்டில் ஒரு வரிகூட முணுமுணுக்காத அப்பா. அன்று சாப்பாட்டு மேசையில் அவர் முகத்துக்குள் அவளைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு மண்டபமே கண்ட அப்பாவை நான் மட்டும் காணாமல் வளர்ந்திருக்கிறேன் என்பது உறுத்தியது.

சம்மதம் கேட்டதும் கரண்டியை வைத்தார்.

"ஏலாது, லவினியா."

சற்றுப் பொறுத்து, "முதல்லை நான் பாக்கவேணும்" என்றார்.

சனிக்கிழமை காப்பகத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமலே திரையின் முன் இருந்தார். அரசி மூச்சை நிறுத்திய இடத்தில் அவரும் மூச்சை நிறுத்தினார்.

"என்னப்பா?"

"உதிலை பாட்டு மறந்துபோச்சு. அதுதான் நிண்டனான். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான்.

"பேரைப் போடு. சிரிக்கிறவை சிரிக்கட்டும்."

பிறகு, "நீ கொஞ்சம் வெளியிலை நில் பிள்ளை. இன்னொருக்காப் போட்டுப் பாக்கிறன்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே அரசி பாடினாள். கொஞ்ச நேரத்தில், அவளோடு இன்னொரு குரல் கரகரத்துச் சேர்ந்தது. எட்டிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. கதவின் கைப்பிடியில் கைவைத்தேன். திறந்தால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று தோன்றியது.