கை பட்ட இடம்

பெயின்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. மருந்தைத் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், சைக்கிள் ஃபிரேம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். அதைச் சுரண்டிப் பழைய செய்தித்தாளில் வழித்துப் போட வேண்டும். மேலே நீலம், அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் யாரோ வீட்டுச் சுவருக்கு அடித்ததில் மிச்சமான ரோஸ். குழாய்கள் சேரும் இடத்தில் அப்பியிருந்த பட்டிப் பசை சளியைப் போல இழுபட்டது. மாப்பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். முதலாளி அவன் மனைவியின் அண்ணன். ஃபிரேம் ஒரு பல் டாக்டருடையது. பெயின்டே வேண்டாமாம். இரும்பு இரும்பாகவே தெரிய வேண்டுமாம். மேலே மெல்லிசாகக் கோடு கோடாக இழைத்து, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் அடிக்க வேண்டுமாம். உள்ளதை உள்ளபடி காட்டணும் என்று சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு பூச்சு கேட்கிற மனுஷனை நினைத்தால் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஊரார் பல்லையெல்லாம் சுரண்டுகிறவனுக்கு இதை அவனே சுரண்டிக்கொண்டால் என்ன?

"இது ஒண்ணு ஒழுங்கா வரட்டும் மாப்ள, நீ இங்கயே பகல்ல இருந்துடலாம்" என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும். பார்சல் கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்து மதியம்வரை தேய்த்தான். வீட்டில் ஒரே ஒரு இரும்புக் கட்டில். மனைவி ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் பகல் வேலை. அவள் எழுந்து போன பள்ளத்தில் அவன் விழுவான். அவன் எழுந்து போன பள்ளத்தில் அவள். அந்நியர்கள் பஸ்ஸில் சீட்டு மாறி உட்காருவது போல ஒரு குடித்தனம். அவள் தலையெண்ணெய் வாசனையை முகர்ந்துகொண்டே தூங்குவதில் அவனுக்கு வர வர ஒரு அருவருப்பு. ஆள் இல்லாமல் வாசனை மட்டும் இருப்பது செத்த வீட்டில் படுப்பது போலிருந்தது.

"ஏங்க, அந்தக் கட்டில் தலைமாட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள். "உங்க கை படுற எடமெல்லாம் துரு. தலையணை உறையில ஒட்டிக்குது. ஆஸ்பத்திரி ரத்தக் கறைகூட போயிடுது, இது போவ மாட்டேங்குது."

"மட்டமான பெயின்ட். உரிஞ்சிருச்சு."

"நான் பிடிக்கிற எடத்துலயும்தான் உரிஞ்சிருக்கு. அது பளபளன்னுதான இருக்கு?"

அவன் புரண்டு படுத்தான்.

வியர்வை பட்டால் துருவேறும், வெறும் இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது என்பதை மச்சான் முதல் நாளே சொல்லிவிட்டார். உப்புத்தாளை நாடா நாடாவாகக் கிழித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி குழாயைச் சுற்றிப் போட்டு இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். எல்லாக் கோடும் ஒரே வாட்டத்தில் விழ வேண்டும். கையுறைக்குள் விரல்கள் வெந்து ஊறிச் செத்த மீன் போல வெளுத்துப்போயின. ஆனால் கோடு ஆழமாக விழுந்திருக்கிறதா என்பது ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் தெரியும். ஒரு தடவை கையுறையைக் கழற்றி, மேல்குழாயை விரல்களால் வளைத்துப் பிடித்து மெல்ல உருவிப் பார்த்தான். அவ்வளவு சுத்தமான ஒன்றை அவன் தொட்டதே கிடையாது. பிறகு தின்னர் துணியால் துடைத்தான். துடைத்ததாகத்தான் நினைவு.

வார்னிஷ் அடித்தது மூக்கன். பல வருஷம் தின்னரை முகர்ந்து வாசனையே தெரியாமல் போன ஆள். பெயின்ட் அப்பிய விரலால் மூக்கை நோண்டுவார், அதே விரலால் பன்னைப் பிய்த்து டீயில் முக்குவார். மாப்பிள்ளை அவர் சாப்பிடும்போது எழுந்து வெளியே போய்விடுவான்.

"என்ன தம்பி, என்னப் பாத்தா பசி அடங்கிருதா?" என்று மூக்கன் சிரிப்பார். "வீட்ல சோறு மிச்சம்தான, எனக்குத்தான் நன்றி சொல்லணும்."

டாக்டர் வரவேண்டிய நாள் காலையில் மச்சான் ஃபிரேமை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மேல்குழாயில், வார்னிஷுக்கு அடியில், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பழுப்பாகப் பூத்திருந்தன. ரேகைகூடத் தெரிந்தது. எச்சிலில் ஊறிய பீடித்துண்டின் நிறம்.

"யாரு கைய வெச்சது?"

மாப்பிள்ளைக்குக் கட்டில் கம்பி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த அதே நொடியில் வாய் முந்திக்கொண்டது.

"நான் க்ளவுஸக் கழட்டவே இல்ல மச்சான். மூக்கண்ணன்தான் பன்னு தின்னுட்டு அப்படியே ஃபிரேமத் தூக்கி மாட்டுனாரு."

"நானா?" மூக்கன் கையில் பன் இருந்தது. "தம்பி, என் கண்ணப் பாத்துச் சொல்லு."

அவன் பன்னைப் பார்த்தான்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்யா உனக்கு, கையக் கழுவு, கையக் கழுவுன்னு" என்று மச்சான் கத்தினார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். மாப்ள, திரும்ப உரி."

மூக்கன் சண்டை போடவில்லை. மூலையில் கிடந்த தகடு ஒன்றை எடுத்து, உப்புத்தாளால் வெள்ளை வெளேரென்று தேய்த்துத் தின்னரால் துடைத்தார். அதன் நடுவில், கழுவாத கையை அழுத்தி வைத்தார்.

"காலைல பாருங்க முதலாளி. பொய் என் கையில இருக்கா, வேற எங்கயாவது இருக்கான்னு இதுல தெரிஞ்சுரும்."

பன்னை வாயில் கவ்விக்கொண்டு சட்டையை மாட்டிப் போய்விட்டார். மச்சான் உச்சுக் கொட்டினார். "ஆணியில மாட்டு அத. அவன் திமிரையும்தான் பாப்போம்." மாப்பிள்ளை மாட்டினான்.

அன்று ஃபிரேமை உரித்து முடித்துச் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த மனைவியின் முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணன் ஃபோன் பண்ணுச்சு. பகல் வேலை உறுதியாம். இனிமே அந்தக் கிடங்கு வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு." புது உறை போட்ட தலையணைகள் இரண்டு கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "என்னங்க, மூஞ்சி இப்படி இருக்கு? சந்தோஷமா இல்லையா?"

"இருக்கேன்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு அதை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உள்ளங்கை வியர்த்திருந்தது.

காலையில் மச்சானுக்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தான். தகடு ஆணியில் தொங்கியது. நடுவில், மூக்கன் கை வைத்த இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பன் துணுக்கு ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. துரு ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்தில்தான், ஆணியில் மாட்டும்போது அவன் பிடித்த இடத்தில், முன்பக்கம் ஒரு பழுப்பு வட்டம். திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் நான்கு.

உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளியே பூட்டுச் சத்தம் கேட்டது. ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற, வெளிச்சம் முதலில் அவன் செருப்பின் மேல் விழுந்து, முழங்காலுக்கு ஏறி, தகட்டைப் பிடித்திருந்த அவனுடைய வெறுங்கைக்கு வந்தது.