தலைவன் வரைக்கும் பதினாலு பேர்

ஹவாய்க்காரங்களுக்கு அரசாங்கம் குடுக்குற வீட்டு மனைக்கு எங்கம்மா எழுதிப் போட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் அப்போ பொறக்கவே இல்ல. போன மாசம்தான் லெட்டர் வருது. வைமானாலோவுல ஒரு மனை இருக்காம், பாதிக்குக் குறையாம ஹவாய் ரத்தம்னு மறுபடி பேப்பர் காட்டினா அம்மாவுக்குத்தானாம். நாங்க அதுவரைக்கும் மாமா வீட்டு கராஜ்ல, வாஷிங் மெஷின் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கிட்டிருந்தோம்.

அம்மா சரியா பாதி. அவங்க அம்மா பிலிப்பினோ, அப்பா முழு ஹவாய். அதுக்குப் பொறப்பு சர்ட்டிபிகேட் மூணு போதும். எனக்குத்தான் கை சும்மா இருக்கல. ரெண்டு வருஷமா வம்சாவளிப் பைத்தியம் புடிச்சு சர்ச் சர்ச்சா அலைஞ்சேன். அம்மாவோட அப்பா வழித் தாத்தா நாஹாலேல ஆரம்பிச்சு மேல மேல ஏறினா, பதினாலாவது ஆளு மௌயி தீவுத் தலைவன் கமாலுவாய்! அங்கயே கத்திட்டேன்.

ஞானஸ்நானப் புக்குல நாஹாலே பேருக்குப் பக்கத்துல 'ஹானாய்'னு இருந்துச்சு. அதாவது எடுத்து வளர்த்த புள்ள. எங்க ஆளுங்க அண்ணன் புள்ளைய தம்பி கேட்டு வாங்கி வளர்ப்பாங்க, அந்தப் புள்ளைக்கு வம்சப் பாட்டுல முழு இடம் உண்டு. தலைவன் வம்சம் எடுத்து வளர்த்துச்சுன்னா சும்மாவா? காப்பி எடுத்து ஃபைல்ல முதல் பக்கமா வெச்சேன்.

மனை ஆபீஸ் கவுன்டர்ல இருந்த ஆன்ட்டியும் எங்க ஆளுதான். புரட்டினவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"இத யாரு வெக்கச் சொன்னா?"

"நானாத்தான் ஆன்ட்டி. பதினாலு தலைமுறை!"

"ஹானாய்னு போட்டிருக்கே. பெத்தவங்க யாரு?"

"சொந்தக்காரங்களாத்தான் இருக்கும்."

அவங்க விரல் அடுத்த கட்டத்துக்குப் போச்சு. சாட்சிக் கையெழுத்துன்னு நெனச்சு நான் தாண்டிப் போன கட்டம். கரும்புத் தோட்டத்துல வேலை செஞ்ச ஜப்பான்காரப் புருஷன் பொண்டாட்டி பேரு.

"அப்போ நாஹாலேவுக்கு ஹவாய் ரத்தம் ஒரு சொட்டும் இல்ல. அவர் மகன், அதாவது உன் தாத்தா, பாதி. உங்கம்மா கால் பங்குதான்."

"அந்தப் பக்கத்தத் திருப்பிக் குடுத்துடுங்க ஆன்ட்டி, ப்ளீஸ்."

"உள்ள வரும்போதே ஸ்கேன் ஆயிடுச்சு கண்ணு." கொஞ்சம் குனிஞ்சு மெதுவா சொன்னாங்க, "சர்ட்டிபிகேட்ட மட்டும் நீட்டியிருந்தா இந்நேரம் கையெழுத்தே வாங்கியிருப்பேன்டி."

கார் ஏறினதும் அம்மா ஆரம்பிச்சாங்க.

"நூறு வருஷமா ஒருத்தனும் எங்க தாத்தாவ வெளியாளுன்னு சொன்னதில்ல. நீ போய் சொல்லிட்டு வந்திருக்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"பதினாலு பேரு தெரியுது, இது தெரியாதா? போய் அந்தக் கமாலுவாய்கிட்டயே கேளு, ஒரு ரூம் காலியா இருக்கான்னு."

மாமா மாலையோட வாசல்ல நின்னாரு, அம்மாவுக்குப் போட. விஷயத்தக் கேட்டதும் மாலையச் சுருட்டிட்டாரு.

"ஏ புள்ள, நீ கண்டுபுடிச்ச தாத்தா எனக்கும் தாத்தாதானே?"

"ஆமா மாமா."

"இந்த வீட்ட எனக்கு எந்த ரத்தத்துக்குக் குடுத்தாங்க?"

மாமா வீடும் அப்படி வந்த மனைதான். அதே ஆபீஸ், அதே பாதி ரத்தக் கணக்கு.

"அக்கா," மாமா அம்மா முகத்தப் பாக்காமயே சொன்னாரு, "உன் பேப்பரப் புடிச்சுக்கிட்டே என்னைத் தேடி வருவாங்க. நீ இங்க இருக்காத."

அம்மா கராஜுக்குள்ள போய் பாயச் சுருட்டினாங்க. சோத்துப் பானைய மாமாவே தூக்கிட்டு வந்து டிக்கியில வெச்சாரு.

கடற்கரையில வீடில்லாம கூடாரம் போட்டவங்க வரிசை இருக்கு, அதோட கடைசியில காரை நிறுத்தினோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழுந்து வந்தாரு. புது ஆளப் பாத்தா எங்க ஊர்ல எல்லாரும் முதல்ல என்ன கேப்பாங்களோ, அதையேதான் கேட்டாரு.

"நீங்க யாரு வம்சம்?"

நான் வாயத் தொறந்தேன்.

"மூடுடி"ன்னாங்க அம்மா.