தலையாட்டிய இரண்டு வருஷம்

ஏழாம் நம்பர் டிரையர் காது கிழிய அலறியது. உள்ளே காய்ந்து முடிந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். அத்தனையையும் மடித்துவிட்டுத்தான் சாப்பாடு. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். அவளுக்கு ஜோடி, அந்த நாட்டுக்காரி ஒருத்தி. கிட்டே வரும்போதெல்லாம் தன் பாஷையில் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர், ரேடியோ அக்கா. ரேடியோவுக்கு யாராவது பதில் சொல்வார்களா? இரண்டு வருஷமாக இவள் தலையை மட்டும் ஆட்டி வந்தாள்.

போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து கணவன். காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைதானே அந்த ஊர் பாஷையில பேச்சுத் தேர்வு? இந்தத் தடவையாச்சும் வாயைத் திற. நீ பாஸ் பண்ணாதான் எங்களுக்கு விசா. பாப்பா இப்பவே பெட்டி அடுக்கிட்டா.”

“ரெண்டு தடவை ஃபெயிலானவகிட்ட இதையெல்லாம் சொல்லணுமாக்கும்.”

“எங்கிட்ட மட்டும் எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி பேசறியே?”

“உங்ககிட்ட போடறது சண்டைங்க. அது தானா வருது. இந்த பாஷையை மாத்திரை மாதிரி முழுங்கறேன். உடம்புல ஒட்ட மாட்டேங்குது.”

பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

ரேடியோ அக்கா இன்று பேசவே இல்லை. ஒரு வாரம் லீவு முடிந்து வந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பத்துப் பன்னிரண்டு விரிப்பு மடித்த பிறகு, முனையைக் கொடுக்க வந்தவள் கொடுக்காமல் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே தன் பாஷையில் மெதுவாகச் சொன்னாள்:

“அம்மா போயிட்டாங்க. ஒன்பது வருஷம் படுக்கையில. துடைச்சு, புரட்டிப் படுக்க வெச்சு... மூச்சு நின்னப்போ எனக்கு அழுகை வரலை. அப்பாடான்னு இருந்துச்சு.”

வழக்கம்போலத் தலையாட்டப் போனவளுக்குத் தலை ஆடவில்லை. களைப்பு என்பதற்கு அந்த பாஷையில் உள்ள சொல் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலோ இருந்தது. தினமும் பஸ் ஜன்னலில் தலை சாய்க்கும்போது அவள் உடம்பு அனுபவித்ததும் அதைத்தான். இப்போது அதற்குத் தமிழைத் தேடவில்லை. முன்பின்னாக, தப்பும் தவறுமாக, அந்த பாஷையிலேயே வாயிலிருந்து வந்துவிட்டது.

“அது பாவமில்லக்கா. நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க.”

‘அக்கா’ மட்டும் தமிழில் விழுந்தது.

ரேடியோ அக்காவின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. முகம் வெளுத்துவிட்டது.

“நான் பேசறது உனக்குப் புரியுதா?”

“இப்போ புரியுது.”

ரேடியோ அக்கா விரிப்பை எடுக்காமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“புரியாதுங்கற தைரியத்துலதானே ரெண்டு வருஷமா உங்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னேன்.”