முற்றத்துக்குள் ஓடிய வண்டி

"நான்தான் பாத்துக்கிட்டேன்" என்று வண்டி வாங்க வந்தவரிடம் அண்ணன் சொன்னபோது என் கையில் காபித் தட்டு இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்க்காமல் மேசைமேல் வைத்தேன்.

ஐம்பத்துநாலாம் வருஷத்து மோட்டார் சைக்கிள், அப்பாவுடையது. அப்பாவை அடக்கம் செய்த மறுவாரமே அண்ணன் நஜீப் பிரான்ஸுக்கு, லியோனுக்குத் திரும்பிவிட்டான். துனீசியாவில், ஸ்ஃபாக்ஸ் வீட்டில் நானும் வண்டியும் மிஞ்சினோம். பத்தொன்பது வருஷம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியது நான். கிளட்ச் கேபிளுக்காகப் பழைய சாமான் சந்தையில் அலைந்தால், "வீட்டுக்காரர அனுப்பும்மா" என்பார்கள். இல்லாத வீட்டுக்காரனை எங்கிருந்து அனுப்புவது? ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு முற்றத்துக்குள்ளேயே வட்டம் வட்டமாக ஓட்டினேன். தெருவில் இறக்கியதில்லை. வண்டிப் பத்திரம் அண்ணன் பெயரில். ஆண்பிள்ளைக்கென்று அப்பா எழுதிவைத்திருந்தார். இப்போது அதை விற்க அண்ணன் வந்திருந்தான்.

வாங்க வந்த ஹம்மாதி துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்தவர். மண்டியிட்டுச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை பார்த்தார்.

"என்ன ஆயில் ஊத்துறீங்க?"

"நல்ல ஆயில்தான்" என்றான் நஜீப்.

கிக்கரை ஆறு முறை உதைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. "குளிருக்குக் கொஞ்சம் அடம்பிடிக்கும்" என்றான். அது ஜூன் மாதம்.

ஹம்மாதி கிரீஸ் ஏறிய என் நகங்களைப் பார்த்தார். "நீங்க உதைங்க அக்கா."

பெட்ரோல் குழாயைத் திறந்து ஒரே உதை. முற்றம் அதிர்ந்தது.

"என்னைப் பாத்துக் கத்துக்கிட்டா" என்று நஜீப் சிரித்தான். ஹம்மாதி சிரிக்கவில்லை.

"வெளிய ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நான் நிக்கிறேன்" என்றார் என்னிடம்.

"வேண்டாம். தெருவுல ஒரு தடவை ஓட்டினா அப்புறம் குடுக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். "எப்ப வேணா வந்து பாக்கலாம்."

"பாக்க வரமாட்டேன். மழைக்காலத்துல டேங்கக் காலியா மட்டும் விடாதீங்க, துருப்பிடிச்சிரும்."

அவர் அதைச் சட்டைப்பைத் தாளில் எழுதிக்கொண்டார். ஒரு முரடனாக, ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் கத்தியாவது விரட்டியிருப்பேன். குறை சொல்ல இடமில்லாத மனிதன். அதனாலேயே அவர்மீதும் எரிச்சல் வந்தது.

அவர் எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு போனார். தெரு முனை தாண்டிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். எனக்காகத்தான் அவ்வளவு தூரம் உருட்டினார் என்று தெரிந்தது. அந்தச் சத்தம் தேயும்வரை நின்றேன்.

நஜீப் தன் வாடகைக் காரை முற்றத்துக்குள் ஏற்றி, வண்டி நின்ற இடத்தில் நிறுத்தினான். "இப்பதான் இடம் தாராளமா இருக்கு. இன்னொரு காபி போடேன்."

காருக்கடியில், நான் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த தரையில், ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. பிறகு இன்னொன்று. நான் துணியெடுக்கப் போகவில்லை.