மேடில்லாத வீதி

எங்கள் ஊர்க் கோயில் வீதிக்குள் நுழையும்போதெல்லாம் அப்பா மொபெட்டை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் என்ஜின் நின்றுவிடும். வீதி முழுக்கத் தள்ளிக்கொண்டு நடந்து, வாய்க்கால் பாலம் வந்த பிறகுதான் மறுபடி ஏறி உட்காருவார். சின்ன வயதில் ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

"இங்க மேடு கண்ணு. வண்டி இழுக்காது" என்றார்.

நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, ஐயோ பாவம், அப்பாவுக்கு மூச்சு வாங்குமே என்று பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளியும் கொடுத்தேன். போகும்போதும் மேடு, வரும்போதும் மேடு என்றால் அது என்ன வீதி என்று கேட்கிற புத்தி அப்போது இல்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

படித்து முடித்து, சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதில்தான் ஓட ஆரம்பித்தேன். முதலில் ஹாஸ்டலைச் சுற்றி, பிறகு அலுவலகத்து ஓட்டக்காரர்கள் கூட்டத்தோடு. ஒரு கட்டத்தில் ஓட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. மாரத்தானுக்கே பெயர் கொடுத்துவிட்டேன். அரையும் காலும் இல்லை, முழுசு. நாற்பத்திரண்டு கிலோமீட்டரைச் சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி ஏற்றி வரப்பட மாட்டேன் என்று எனக்கு நானே சவால் விட்டிருந்தேன்.

இந்தப் பயிற்சியின் உயிர் என்பது ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டம்தான். அதைக் கோயமுத்தூர்ப் போக்குவரத்தில் செய்ய முடியாது. ஆகவே சனிக்கிழமை ராத்திரியே கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறி, ஊருக்கு வந்துவிடுவேன். வாய்க்கால் ஓரமாக ஒரு மண் தடம் போகிறது. இருபக்கமும் தென்னந்தோப்பு, நிழல், கால் முட்டிக்கு இதமான மண். ஓடுகிறவர்கள் கனவு காணும் தடம் அது. ஆனால் எங்கள் காலனியிலிருந்து அங்கே போக இருப்பது ஒரே வழி, கோயில் வீதி.

முதல் ஞாயிறு அந்த வீதியில் ஓடியபோதே என் கால்கள் குழம்பிவிட்டன. மேடு என்றால் தொடை சொல்லும், மூச்சு சொல்லும். இங்கே இரண்டும் வாயைத் திறக்கவில்லை. வீதி சிமெண்ட் தரையாட்டம் சமமாகக் கிடந்தது. சொல்லப்போனால் பாலத்தின் பக்கம் லேசாக இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைச் சீண்டினேன். "ஏனுங்கப்பா, உங்க மேட்டத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோமே. ஆராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

அப்பா நார் மில்லில் வேலை செய்கிறார். அன்று சட்டையில் ஒட்டியிருந்த தேங்காய்நார்த் தும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "உனக்கு வயசுக் காலு கண்ணு. தெரியாது" என்றார். அதோடு எழுந்து போய்விட்டார்.

ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் என்னை ஓடவே விடவில்லை. எதிரே வருகிற பைக்கெல்லாம் நின்றது. "ஏனுங்க அம்மணி, ஆஸ்பத்திரிக்குங்களா? ஏறிக்குங்க, உட்டர்றேன்." "பஸ்ஸத் தவற உட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சரலாம்." நான் சும்மாதான் ஓடுகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. ஒரு பெரியவர் என் பின்னால் நாய் எதுவும் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

தோப்புக்காரர் சென்னியப்பன் வீடு கோயிலுக்கு எதிரில். கோயில் கமிட்டியிலும் அவர்தான். மாரத்தான் என்று கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் திரும்பி வரும் நேரத்துக்கு இளநீர் சீவித் தயாராக நிற்பார். அவர் வீட்டம்மா எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "உக்காந்து குடிங்க அம்மணி, மூச்சு வாங்குதே" என்பார். சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் சேர்ந்துவிட்ட என் முகம் அவர்களுக்குத் தெரியாது; நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாகப் போட்ட லே-அவுட்டுக்குக் குடிவந்த குடும்பத்துப் பெண் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள். ஷூவும் கைக்கடிகாரமும் போட்டு ஓடுகிற பெண் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

மாரத்தானுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சென்னியப்பன் என்னை நிறுத்தினார். கையில் செல்போன்.

"அம்மணி, கோயில் நோம்பி வருது. ஊரு முகப்புல உங்களுக்கு ஒரு பிளெக்ஸ் வெக்கறோம். 'எங்கள் மண்ணின் வீராங்கனை'ன்னு. படம் புடிச்சாச்சு. அப்பா பேரு சொல்லுங்க, அதையும் போட்டர்லாம்."

"மாசாணமுங்க."

"எந்த மாசாணம்?"

"காலனி மாசாணமுங்க. உங்க தோப்புல முந்தி மட்டை பொறுக்கிட்டிருந்தாருங்களே."

அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாதி குடித்திருந்த இளநீர் என் கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

பிளெக்ஸ் வரவில்லை. அடுத்த ஞாயிறு இளநீர் இல்லை. வீட்டம்மா முகத்தைப் பார்க்காமல் பேப்பர் கப்பில் தண்ணீரை ஊற்றித் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் தொடவில்லை. ஒரு வாரத்தில் என் கால் மாறிவிட்டதா, வியர்வை மாறிவிட்டதா? அப்பா பெயர் ஒன்றுதானே தெரிந்தது!

அன்று சாயங்காலம் சென்னியப்பன் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த அப்பா வாசலிலேயே நின்று பேசினார்.

"கண்ணு, நீ இனிமே மெயின் ரோட்டுலயே ஓடு. அது சாமி வீதி. ஷூ போட்டுக்கிட்டு ஓடறது ஆகாதுன்னு சொல்றாங்க."

"அவரு பையன் புல்லட்டுல போறான். அவன் காலுல என்ன வெறும் பாதமா இருக்கு?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க."

"மெயின் ரோடு நல்லா சமமா இருக்கும் கண்ணு."

"கோயில் வீதியும் சமந்தாம்ப்பா! நான் ஓடிப் பார்த்துட்டேன். அங்க எந்த மேடும் இல்ல. அப்புறம் எதுக்கு எறங்கித் தள்ளறீங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா ராசம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"மேடாவது மண்ணாவது! எறங்காமப் போன உன்ற பெரியப்பனக் கோயில் கம்பத்துல கட்டி வெச்சு அடிச்சானுக. அன்னிக்கு எறங்குன மனுசன்தான் இவரு. புள்ளைகிட்ட அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, மேடு மேடுன்னு சொல்லிப்போட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சென்னியப்பன் மேல், அந்த வீதி மேல், பேப்பர் கப் மேல். அப்பா மேலும்தான். இத்தனை வருஷம் இல்லாத மேட்டில் வண்டியைத் தள்ளியிருக்கிறாரே, என்னையும் சேர்த்துத் தள்ள வைத்திருக்கிறாரே! போலீசுக்குப் போகலாம், அதற்கென்று சட்டம் இருக்கிறது என்று கத்தினேன். "நீ பஸ் ஏறிப் போயிருவே கண்ணு. நாங்க இங்கதான இருக்கோணும்" என்றார் அப்பா.

அவருக்காகவே அடுத்த ஞாயிறு மெயின் ரோட்டில் ஓடினேன். பொள்ளாச்சி பக்கமிருந்து வந்த தேங்காய் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனதில் முள் புதருக்குள் விழுந்தேன். முட்டி கிழிந்து ரத்தம் ஷூவுக்குள் இறங்கியது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அப்பாதான் காயத்தைக் கழுவினார். பிறகு ரத்தம் இறங்கிய ஷூவையும் கழுவி வெயிலில் காய வைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு கடைசி நெடு ஓட்டம். முப்பது கிலோமீட்டருக்கு மேல். அதை விட்டால் மாரத்தானை மறந்துவிட வேண்டியதுதான். முட்டி ஆறியிருந்தது. விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அப்பா.

"கோயில் வீதி."

நான் கிளம்பிவிட்டேன்.

காலனியைத் தாண்டும்போதே பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பாதான். ஹேண்டில் பாரில் தண்ணீர் பாட்டில்கள் தொங்கும் பை. தடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் வேகத்தைக் குறைக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி வந்தது. இதோ, இப்போது என்ஜின் நிற்கும் என்று என் காது காத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் அது நின்று கேட்டுப் பழகிய காது.

நிற்கவில்லை.

சென்னியப்பன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலில் என் ஷூவைப் பார்த்தார், பிறகு பின்னால் பார்த்தார். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"டேய் மாசாணம்! வண்டிய விட்டு எறங்குடா!"

அப்பாவின் குரல் எனக்குப் பின்னால் கேட்டது. எப்போதும்போல் பணிவான குரல்தான்.

"நேரமில்லீங்க. புள்ள ஓடறா, தண்ணி கொண்டுட்டுப் போறனுங்க."

ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார். இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. சென்னியப்பன் இன்னும் ஏதோ கத்தினார். சாயங்காலம் ஆள் வரும், பேச்சு வரும், அதுவும் எங்களுக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். கோயிலைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, பாலம் வரைக்கும் அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

வண்டி நன்றாகவே இழுத்தது.